பாய்மர வண்டியும் இடது முட்டியும்

எங்கள் துரை செய்த வண்டிக்கு மாடும் கிடையாது, இஞ்சினும் கிடையாது. எஸ்டேட் ஆசாரியை வைத்துச் சில்வர் ஓக் மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டி, பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய சக்கரங்களை மாட்டி, நடுவில் ஒரு கம்பத்தை நட்டிருந்தார். களத்தில் காயும் காப்பியை மழைக்கு மூட வைத்திருந்த படுதாவை வெட்டிப் பாயாகத் தைத்தார்கள். காற்று அதில் விழுந்தால் வண்டி ஓடும். அவர் ஊரில் கடற்கரை மணலில் இப்படி ஓட்டுவார்களாம். எங்களுக்குக் கடற்கரை இல்லை. சேர்வராயன் மலை உச்சியில் மேசைபோல ஒரு புல்வெளி இருந்தது. அங்கே இருக்கிற கோயில் பக்கம் வரக் கூடாது என்று மலைக்குடிகள் ஓர் எல்லை சொன்னார்கள். துரை அந்த எல்லையைத் தாண்டியதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முந்தி. ஏற்காட்டை அடுத்த நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றில் எனக்கு மிளகு பறிக்கிற வேலை. ஒற்றை மூங்கிலில் கணுக்கிளைகளை விரல் நீளம் விட்டு வெட்டியதுதான் எங்கள் ஏணி. கட்டைவிரலை அந்தக் கணுவில் ஊன்றி, அடுத்த முட்டியை இடுப்பு வரைக்கும் தூக்கி ஏற வேண்டும். உடம்பில் கனம் இருந்தால் மூங்கில் வளையும். நான் ஒல்லி. அதனால் ஏணிக்கு ஏற்ற ஆள். அதனாலேயே துரையின் வண்டிக்கும் ஏற்ற ஆளானேன்.

காற்று ஒரு பக்கத்திலிருந்து அடிக்கும்போது வண்டி மறுபக்கம் சாயப் பார்க்கும். காற்று வரும் பக்கம் ஒரு பலகை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒருவன் குந்தி, பின்பக்கமாகச் சாய்ந்து, வண்டியை அமுக்கிப் பிடிக்க வேண்டும். துரை வண்டியைத் திருப்பினால் அவன் பாய்க்கு அடியில் குனிந்து மறுபக்கப் பலகைக்குத் தாவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் என் வேலை. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீட்டுப் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் கேட்பார்கள்.

"ஏனுங்க, துரைகூட எந்தூருக்குப் போயிட்டு வந்தீங்க?"

"மலையச் சுத்திப் போட்டு வந்தேனுங்க."

"நாங்களும் அதான் சுத்தறோம், கூடையத் தூக்கீட்டு."

ஒரு ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை காற்று திடீரென்று நின்று, வேறு திசையிலிருந்து வந்தது. நான் சாய்ந்திருந்த பக்கத்துக்கே பாய் அடித்துத் திரும்பியது. பலகையோடு நான் கீழே போனேன். பின்சக்கரம் இடது முட்டிக்குக் கீழே ஏறி இறங்கியது. துரை வண்டியை விட்டுக் குதித்து நேரே என்னிடம்தான் ஓடி வந்தார். பாய் கிழிந்ததை அவர் வெகுநேரம் கழித்தே பார்த்தார்.

எஸ்டேட் ஆஸ்பத்திரி என்பது இரண்டு அறை. டாக்டர் கிடையாது, சேலத்திலிருந்து எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் டிரஸ்ஸர்தான். புண்ணுக்கு மருந்து போடுவதிலிருந்து பிரசவத்துக்கு வெந்நீர் வைப்பது வரை அவர் கை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்களைப் போலவே மலைக்குக் கீழே இருந்து வந்தவர், தனி ஆள். அம்மாவை அக்கா என்று கூப்பிட்டுப் பழகி, எங்கள் வீட்டில்தான் ராத்திரிச் சாப்பாடு. அந்த முறையில் எனக்கு மாமா. அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டு வாசலில் உரிமையோடு செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படி வரை வந்த ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான்.

அன்று அவர் ஓடி வந்ததும் முதலில் என் கால்விரல்களைத் தொட்டு அசைக்கச் சொன்னார். அசைந்தன. "பொழைச்சுது" என்றார். காலை நேராக்கும்போது என் வாயில் துண்டை வைத்தார். ஆசாரியின் கடையிலிருந்து இரண்டு மெல்லிய பலகைகளை வாங்கி, பஞ்சு வைத்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை கட்டினார். துரையின் காரில் சேலம் போய் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன். முட்டிக்குள் போகும் எலும்பின் தலை விரிசல் விட்டிருக்கிறது, ஊன்றவே கூடாது என்றார் அங்கிருந்த டாக்டர்.

கட்டைப் பிரித்தபோது தீபாவளி தாண்டிவிட்டது. என் கால் என்று சொல்லிக் காட்டியது ஒரு குச்சி. முட்டி மடங்கவே இல்லை. முட்டி மடங்காவிட்டால் ஏணி இல்லை. ஏணி இல்லாவிட்டால் வீடு இல்லை, ஏனென்றால் லைனில் எங்கள் வீடு ஏணிக்காரன் வீடு. அம்மாவுக்கு இளைப்பு. அவள் பறிக்கிற கூடைக்கு யாரும் தனி வீடு தர மாட்டார்கள். மாசியில் மிளகு பழுக்கும். அதற்குள் முட்டி இடுப்பு வரைக்கும் எழும்ப வேண்டும். கங்காணி இதைக் கோபமாகச் சொல்லவில்லை. "மாசிக்கு ஏறிடுவீங்கள்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

மாமா வேலையைத் தொடங்கினார். அவரைப் பற்றி எதைச் சொன்னாலும் இதை நேராகச் சொல்ல வேண்டும்: அந்த வேலையில் ஒரு குறை கிடையாது. தினமும் வெந்நீரில் நனைத்த துண்டை முட்டியில் சுற்றுவார். பிறகு மெழுகு தேய்த்த பலகைமேல் என் குதிகாலை வைத்து, முன்னும் பின்னும் வழுக்கச் சொல்வார். வலி வரும் இடத்தில் நான் நிறுத்துவேன். அங்கிருந்து அவர் கை தொடங்கும். என் முகத்தைப் பார்க்காமல், முட்டியை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரு விரற்கடை அழுத்துவார்.

"போதுங்க மாமா."

"போதும்னு உன் வாய் சொல்லுது கண்ணு. முட்டி சொல்லட்டும்."

சிறு பையில் மணலை நிரப்பிக் கணுக்காலில் கட்டித் தூக்க வைத்தார். தொடைச் சதை திரும்பி வந்தது. பிறகு துரை பங்களாவில் ஓரமாய்க் கிடந்த தையல் மிஷினை ஆஸ்பத்திரி வராந்தாவுக்குக் கொண்டுவந்தார். வாரைக் கழற்றிவிட்டு வெறும் மிதியை மிதிக்கச் சொன்னார். முட்டி தன்னையறியாமல் மடங்கி நீளும், வலி தெரியாது என்பது அவர் கணக்கு. காலையில் மருந்துக்கு வருகிற பெண்கள் என்னைச் சுற்றி நிற்பார்கள்.

"ஏனுங்க டெய்லரே, எனக்கொரு ரவிக்கை."

"அளவு குடுத்துட்டுப் போங்க."

"அதுக்குத்தான் டிரஸ்ஸர் இருக்காருல்ல!"

மாமாவே முதலில் சிரிப்பார். கார்த்திகை முடியும்போது ஒரு முக்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் தட்டையாக வைக்க முடிந்தது. கைத்தடியோடு குழாயடி வரை நடந்தேன். குந்த முடியவில்லை. "குந்தறதுக்கு இன்னும் ரெண்டு மாசம். அவசரப்பட்டா உள்ள இருக்கற ஒட்டு விட்டுப்போயிரும்" என்று அம்மாவிடம் அவர்தான் சொன்னார். நான் அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே நினைவிருக்கின்றன. பின்னாளில் சேலத்தில் ஒரு பத்திரிகையில் அச்சுக் கோத்து, அப்புறம் செய்தி எழுதிப் பிழைத்தேன். அடுத்தவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுவது பழகிப்போனது. இதையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் காலையில் எல்லோரும் ஆஜராகிற இடத்துக்குப் பெரட்டுக் களம் என்று பெயர். வரிசையில் நிற்கிறவர்களைக் கங்காணி அன்றன்றைய வேலைக்குப் பிரித்துவிடுவார். அதில் எழுதாத சட்டங்கள் சில உண்டு. கைத்தடியோடு வருகிறவனுக்கு வரிசையில் இடமில்லை. தடி இல்லாமல் நின்றுவிட்டவன், என்ன வேலை கொடுத்தாலும் மாட்டேன் என்று சொல்வதற்கில்லை. நோய் தீர்ந்து திரும்புகிறவன் துரை கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுப்பான். கொடுத்துவிட்டால் அவன் முழு ஆள்.

மார்கழியில் ஒரு நாள் சாப்பிடும்போது மாமா சொன்னார்: "திங்கக்கெழம பெரட்டுக்கு வந்துரு கண்ணு. தடி வேண்டாம்."

அம்மா குழம்புக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டாள். "குந்தக்கூட முடியலீங்களே தம்பி?"

"குந்தச் சொல்லலீங்க அக்கா. ஸ்டோர்ல காப்பிக்கொட்டை பொறுக்கற வேலை. பெஞ்சுல உக்காந்துக்கலாம். பெரட்டுல நின்னாத்தான் ஆளுன்னு சேத்துவாங்க. நான் துரைகிட்டப் பேசிட்டேன். ஒரு பழத்தைக் குடுத்துட்டு நேரா ஸ்டோருக்குப் போயிரட்டும். ஊடும் நிக்கும்."

வீடும் நிற்கும் என்றதும் அம்மா கேள்வியை நிறுத்திவிட்டாள். அவள் மறுநாளே மாரமங்கலத்துக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்துப் பெரிய பழமாக வாங்கினாள்.

திங்கட்கிழமை பனி இறங்கியிருந்தது. தடியை வீட்டிலேயே விட்டுவிட்டு அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு களத்தின் ஓரம்வரை போனேன். அங்கிருந்து தனியாக நடந்தேன். கனத்தையெல்லாம் வலது காலில் வைத்து, இடது காலை நேராக ஊன்றி நின்றேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அப்படி நிற்க எனக்குப் பழக்கியவரும் மாமாதான். அவர் துரைக்கு ஒரு அடி பின்னால் நின்றார்.

பழத்தைக் கொடுத்தேன். துரை வாங்கிக்கொண்டு என் கையைக் குலுக்கினார். தோட்டத்தில் ஒரு கூலியாளின் கையை அவர் குலுக்கியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. முகத்தில் உண்மையான சந்தோஷம். அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"கால் நல்லா? வெரி குட். கிறிஸ்மஸ் ஞாயிறு, ரெண்டு துரை வண்டியோட வர்றாங்க. மூணு வண்டி. ரேஸ். நீ என் வண்டி. டிரஸ்ஸர் சொல்லிச்சு, நீ ரெடி."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கங்காணியிடம் ஏதோ கேட்பதுபோல அந்தப் பக்கம் திரும்பினார். கங்காணி அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அன்று என்னை ஸ்டோருக்குத்தான் அனுப்பினார்கள். மாமா சொன்னது பொய்யில்லை. காப்பிக்கொட்டை பொறுக்கினேன், பெஞ்சில் உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"துரைகிட்ட என்னங்க சொன்னீங்க?"

"கால் தேவலைன்னு சொன்னேன்."

"குந்த ரெண்டு மாசம்னீங்களே."

"ஒரே ஒரு ஞாயித்துக்கெழம சாமி. மார்கழிக் காத்துல என்ன பலம் இருக்கு? சும்மா உக்காந்துட்டு வரப்போற."

"குந்தித் தாவணுமுங்க. உங்களுக்குத் தெரியாதா?"

அவர் அடுப்பை ஊதினார். பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "துரை என்னை மெட்ராசுக்கு அனுப்பறேன்னிருக்காரு. பெரிய ஆஸ்பத்திரி. ரெண்டு வருஷம் படிப்பு. கால் முறிஞ்சவனை அஞ்சு மாசத்துல வண்டி ஏத்துனேன்னு அவர் அங்க எழுதோணும். ஏத்துனாத்தான எழுதுவாரு? நானும் எத்தனை வருஷத்துக்கு இங்க புண்ணைத் தொடச்சிட்டே இருக்கறது?"

இதை அவர் ஒளிக்கவில்லை. நான் புரிந்துகொள்வேன் என்று நினைத்தார். அதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது. இன்றும் முழுக்க விளங்கவில்லை. நான் போய்த் துரையிடம் கால் ஆகவில்லை என்று சொல்லியிருக்கலாம். பழம் கொடுத்தாகிவிட்டது. தடியில்லாமல் நின்றதைத் தோட்டமே பார்த்தது. மாட்டேன் என்றால் ஸ்டோரும் போய்விடும், வீடும் போய்விடும். தடியில்லாமல் வா என்று அவர் என்னைக் கூப்பிட்டது எதற்கு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக இருந்தது. பக்கத்துத் தோட்டத்துத் துரைகள் குடும்பத்தோடு வந்து புல்லில் விரிப்புப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமா மருந்துப் பெட்டியோடு நின்றார். வண்டி ஏறுவதற்கு முன் என் முட்டியைச் சுற்றி இறுக்கமாக ஒரு துணிக்கட்டுப் போட்டுவிட்டார். "தாவறப்ப வலது காலைத் தள்ளு, இடதை இழுத்துக்க" என்றார். நல்ல யோசனைதான்.

முதல் ஓட்டத்தில் ஒன்றும் ஆகவில்லை. உட்காராமல் காலை நீட்டி, பலகையில் படுத்தாற்போல் சமாளித்தேன். திரும்புவதற்கு நட்டிருந்த கொடியருகே துரை வண்டியைத் திருப்பினார். நான் பாய்க்கு அடியில் குனிய வேண்டும். குனிந்தேன். குனிவதற்கு முட்டி மடங்கித்தான் ஆக வேண்டும். இதுவரை போகாத தூரத்துக்கு அது போனது. உள்ளே ஈரத் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். அது எனக்கு மட்டும் கேட்டிருக்கும். வண்டியிலிருந்து விழவில்லை. கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பாரம் மறுபக்கம் போய்ச் சேராததால் வண்டி தள்ளாடி நின்றுவிட்டது. மற்ற இரண்டு வண்டிகளும் எங்களைத் தாண்டிப் போயின. விரிப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள்.

என்னைப் புல்லில் கிடத்தினார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முட்டி வீங்கியது. துரை மாமாவிடம் இங்கிலீஷில் கேட்டார். ஆகிவிட்டது என்றுதானே நீ சொன்னாய் என்று கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்திருக்கிறேன் என்பதை மாமா மறந்திருக்க வேண்டும். அவரும் இங்கிலீஷில்தான் பதில் சொன்னார். இன்னும் நாள் ஆக வேண்டும் என்று இவனிடம் சொன்னேன், ஆகிவிட்டது என்று இவன் சாதித்ததால்தான் உங்களிடம் அப்படிச் சொன்னேன். இவன்தான் பிடிவாதமாக வந்தான். பெரட்டில் நின்றதும் பழம் கொடுத்ததும் இவனாகச் செய்தது என்றார்.

துரை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. முட்டாள்தனமாக நடந்துகொண்ட ஒரு நல்ல வேலையாளைப் பார்க்கிற வருத்தம்.

அதைச் சொல்லி முடித்துவிட்டு மாமா மண்டியிட்டு என் முட்டிக்குக் கீழே கையைக் கொடுத்தார். கட்டை அவிழ்த்தார், குளிர்ந்த தண்ணீர்த் துணி வைத்தார், பலகை கட்டினார். நான் பற்களைக் கடித்துக்கொண்டு அவர் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்தவர்களில் அந்தக் காலைத் தொடத் தெரிந்தவர் அவர் மட்டுமே. தொடாதீர்கள் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

சேலத்தில் அதே டாக்டர் பார்த்தார். அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எலும்பு நல்லாச் சேந்திருக்கு. தொடையும் நல்லாத் தேறியிருக்கு. மலைல யாருப்பா பயிற்சி குடுத்தது?"

"எங்க டிரஸ்ஸருங்க."

"கெட்டிக்காரன். இதை அதுக்குள்ள வண்டில ஏத்தச் சொன்னது யாரு?"

"அவருதானுங்க."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையைக் கழுவப் போனார். உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது, வீக்கம் வடிந்ததும் மறுபடி மடக்கத் தொடங்கிவிட வேண்டும், விட்டால் இரும்பாகப் பிடித்துக்கொள்ளும் என்றார். அந்த டிரஸ்ஸரிடமே போ என்றும் சொன்னார்.

வீக்கம் வடிந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் மாமா எண்ணெய்ப் புட்டியோடு வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. அம்மா உள்ளே வந்து என்னிடம் சொன்னாள்.

"அவரு வந்திருக்காரு."

தம்பி என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. அவர் வாசலிலிருந்தே பேசினார்.

"காலு என்ன பாவம் பண்ணுச்சு கண்ணு? என்மேல இருக்கற கோவத்தைக் காலுமேல காட்டாத. மாசிக்கு இன்னும் நாள் இருக்கு. விட்டேன்னா புடிச்சுக்கும்."

"துரைகிட்டச் சொன்னதை மாத்திச் சொல்லுவீங்களா?"

அவர் புட்டியை வாசற்படியில் வைக்கிற சத்தம் கேட்டது.

"மெட்ராசுக்குக் காகிதம் போயிருச்சு சாமி. இப்பப் போயி என்னத்தை மாத்தறது?"

"அப்பப் போங்க, டிரஸ்ஸர்."

அப்படி நான் அவரைக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு வீடு வேண்டும். அது அவள் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அவளே எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு திறந்தபோது, அவர் புட்டியை வாசற்படியிலேயே விட்டுப் போயிருந்தார். அம்மா அதை எடுத்துவந்து விளக்குப் பக்கத்தில் வைத்தாள். எண்ணெய்மேல் அவளுக்குக் கோபமில்லை.

நானே மடக்கிப் பார்த்தேன். துண்டைப் பாதத்தில் கோத்து இரண்டு கையாலும் இழுத்தேன். முறையெல்லாம் தெரியும், ஒன்றும் மறக்கவில்லை. வலி தொடங்கும் இடத்தில் என் கை தானாகத் தளர்ந்துவிடும். அதற்கு மேல் போக இன்னொருவர் கை வேண்டும், என் முகத்தைப் பார்க்காத கை. அம்மாவை அழுத்தச் சொன்னேன். நான் முகம் சுளித்ததுமே அவள் விட்டுவிட்டாள். முக்காலி உயரத்துக்கு வந்த முட்டி அங்கேயே நின்றது. தை பிறந்ததும் அதுவும் குறைந்தது.

மாமா மெட்ராசுக்குப் போன நாளில் லைனில் பாதிப் பேர் வழியனுப்பப் போனார்கள். நாங்கள் போகவில்லை. கங்காணி மாசி பிறப்பதற்கு முன்பே வந்தார். முதல் தடவை கேட்ட அதே மரியாதையோடு, ஏணிக்கு வேறு ஆள் வந்திருக்கிறது, குடும்பம் பெரிசு என்றார். அம்மா சரிங்க என்றாள்.

ஏற்காடு கடைவீதியில் சேலம் பஸ் ஏறினோம். நடைபாதையை ஒட்டிய சீட். பாத்திர மூட்டை அம்மாவின் மடியில், என் இடது கால் நடைபாதையில் நீட்டிக்கொண்டு. கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தவர் காலைத் தாண்ட முடியாமல் நின்றார்.

"ஏனுங்க, காலைக் கொஞ்சம் மடக்குங்க. ஆளுக வரோணுமல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்.

"மடங்காதுங்க."